மலைக்கு ஏறும் காருக்கு விண்டர் டயரும் பனிச் சங்கிலியும்: எதை வாங்கலாம்?

பிரெஞ்சு ஆல்ப்ஸில் மூத்தியே ஊரிலிருந்து வால் தோரான்ஸ் பனிச்சறுக்குத் தலத்துக்குச் சாலை வழியாகச் சுமார் 37 கி.மீ. ஊர் ஏறத்தாழ 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தலம் 2,300 மீட்டரில். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். அடிவாரத்தில் 5 டிகிரியில் மழை தூறும்போது மேலே மைனஸ் 6 டிகிரியில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஈரத் தார், பனிச்சேறு, வண்டிகள் மிதித்து இறுகிய பனி, வெயிலே படாத வளைவில் பளபளக்கும் பனிக்கட்டி என்று நான்கு விதமான தரையும் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

இந்த நான்குக்கும் ஒரே பொருள் போதாது. விண்டர் டயரின் முக்கிய வேலை காரை நிறுத்துவதும் வளைவில் தடம் மாறாமல் காப்பதும். டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலியின் வேலை, செங்குத்தான ஏற்றத்தில் காரை நகர்த்துவது. சங்கிலி இருக்கிறதே என்று கோடை டயரிலேயே கிளம்புகிறவர்களுக்குச் சிக்கல் ஏற்றத்தில் வருவதில்லை, இறக்கத்தில் வருகிறது. முன் சக்கரங்களில் மட்டும் சங்கிலி இருந்தால் பிரேக் போடும்போது முன்பக்கம் பிடிக்கும், பிடிப்பில்லாத பின்பக்கம் விலகிச் சுழலும். முன்னால் இரண்டு விண்டர் டயர், பின்னால் பழைய கோடை டயர் என்று சிக்கனம் பிடித்தாலும் இதே கதைதான். விண்டர் டயர் என்றால் நான்கு சக்கரத்துக்கும் வேண்டும்.

7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் டயரில் சிலிக்கா அதிகம் சேர்ந்த கலவை இருப்பதால் குளிரிலும் அது நெகிழ்வாகவே இருக்கும். அதன் மேற்பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய உண்டு. அவை பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. பனியின் மேல் பனி நன்றாக ஒட்டும் என்பதால் அந்தக் கவ்வல்தான் பிடிப்பைத் தருகிறது. கட்டையின் உயரம் குறையக் குறைய இந்த வெட்டுகளும் ஆழம் இழக்கின்றன. புது டயரில் 8 மி.மீ. அளவுக்கு இருக்கும் கட்டையின் உயரம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால், சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்ற நாட்டிலும் அதை மலைக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆஸ்திரியாவில் 4 மி.மீ.க்குக் கீழே போன ரேடியல் டயரை விண்டர் டயராகவே கணக்கில் எடுப்பதில்லை. சரியான எல்லை அது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். 'எம்+எஸ்' என்ற எழுத்துகளுக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது, தயாரிப்பாளர் தாமே பொறித்துக்கொள்ளலாம். ஜெர்மனியும் பிரான்சும் 2024 இலையுதிர் காலம் முதல் எம்+எஸ் மட்டும் உள்ள டயரை விண்டர் டயராக ஏற்பதில்லை. பக்கத்திலேயே உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 3823 என்றால் 2023ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடியில் கிடைக்கும் டயர் ஐந்தாறு வருடமாகக் கிடங்கில் கிடந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

எந்த டயர்? குளிர்காலம் முழுக்க மலைப்பகுதியில் ஓட்டுகிறவருக்குக் கான்டினென்டல் விண்டர்கான்டாக்ட் டிஎஸ் 870 போன்ற முழு விண்டர் டயர்தான் சரி. வருடத்துக்கு ஒரே ஒரு வாரம் மலைக்குப் போய், மீதிக் காலத்தைச் சமவெளியில் கழிக்கிறவருக்கு மிஷ்லின் கிராஸ்கிளைமேட் 2 போன்ற ஆல்சீசன் டயர் நியாயமான தேர்வு. பனித்துகள் முத்திரை அதற்கும் உண்டு, வருடத்தில் இரண்டு முறை டயர் மாற்றும் வேலையும் மிச்சம். ஆனால் இறுகிய பனிக்கட்டியில் முழு விண்டர் டயரின் நெகிழ்வு அதற்கு இல்லை. அதை எடுத்தால் சங்கிலியைக் கட்டாயம் கூடவே வாங்குங்கள்.

இன்னொரு யோசனை, பலர் தவற விடுவது: 18 அங்குல ரிம்மில் வரும் காருக்கு, கார் கையேடு அனுமதித்தால், 16 அல்லது 17 அங்குல ரிம்மில் சற்று ஒடுங்கிய விண்டர் டயர் செட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். டயரின் விலை குறையும், பருவம் மாறும்போது டயரைக் கழற்றி ஏற்றாமல் சக்கரத்தையே மாற்றிவிடலாம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சங்கிலிக்கு இடம் கிடைக்கும். பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அந்தச் சின்ன ரிம்முக்குள் அடங்குமா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சங்கிலியில் ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடப் பிரச்சினையால்தான். பெட்டியில் உள்ள 9 அல்லது 12 என்ற எண், சங்கிலி டயருக்கு வெளியே எத்தனை மி.மீ. துருத்தும் என்பதைச் சொல்கிறது. டயரின் உள்பக்கச் சுவருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே அந்த இடைவெளி இல்லையென்றால், ஏபிஎஸ் சென்சார் வயரையும் பிரேக் ஹோஸையும் சங்கிலி அறுத்துவிடும். இப்போதைய கார்கள் பலவற்றின் கையேடு 9 மி.மீ.க்கு மேல் கூடாது என்கிறது. சில டயர் அளவுகளுக்குச் சங்கிலியே கூடாது என்கிறது. டயரில் உள்ள 205/55 ஆர்16 போன்ற அளவைப் பெட்டியில் உள்ள பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் விசை போகும் சக்கரங்களில்தான் சங்கிலி மாட்ட வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் காரில் சிலவற்றுக்கு முன், சிலவற்றுக்குப் பின். இதையும் கையேடுதான் சொல்லும், ஊகிக்க வேண்டாம்.

வகைகளில், கோனிக் சிபி-12 போல எஃகுக் கம்பி வளையத்தோடு கையால் இறுக்கும் சங்கிலி குறைந்த விலையில் நிறைவான வேலை செய்கிறது. குறை ஒன்றுதான்: சிறிது தூரம் ஓட்டியதும் நிறுத்தி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும். அதே நிறுவனத்தின் எக்ஸ்ஜி-12 புரோ தானே இறுக்கிக்கொள்ளும். எஸ்யூவி வைத்திருப்பவர், பனியில் இரண்டாம் முறை மண்டியிடத் தயங்குபவர் ஆகியோருக்கு அந்தக் கூடுதல் விலை தகும். கே-சம்மிட் வேறு விதம். சக்கர போல்ட்டில் ஓர் அடாப்டரை வீட்டிலேயே பொருத்திவைத்துவிட்டு, சங்கிலியை வெளிப்பக்கத்தில் மாட்டி ஓட்டத் தொடங்கினால், அது தானாக டயர் மேல் ஏறி உட்காரும். உள்பக்கத்தில் எதுவும் போகாததால் இடமில்லாத கார்களுக்கு நல்ல வழி. விலைதான் அதிகம்.

ஆட்டோசாக் போன்ற, டயருக்குப் போடும் துணி உறை இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறிவிடும், ரிம்மில் கீறல் விழாது. மேல் பாதியை மாட்டி, காரை அரைச் சுற்று நகர்த்தி, மீதியை இழுத்துவிட்டால் போதும். புதிதாக விழுந்த உலர் பனியில் நன்றாகவே பிடிக்கிறது. வெறும் தார்ச்சாலையில் ஓட்டினால் சீக்கிரம் கிழியும், நனைந்த உறையை இரவெல்லாம் சக்கரத்திலேயே விட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிரான்சின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை விண்டர் டயரோ சங்கிலியோ வேண்டும் என்ற விதிக்குத் துணி உறையும் போதும். ஆனால் ஒரு வாரம் முழுக்கத் தினமும் ஏறி இறங்க இதை நம்ப வேண்டாம். சங்கிலி மாட்ட இடமே இல்லாத காருக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்போம்.

கம்பி வளையச் சங்கிலியை மாட்டும் முறையை வீட்டு வாசலில், பகலில், இரண்டு முறை செய்து பழகுங்கள். சமதளமான ஓரத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சங்கிலியை முதலில் தரையில் விரித்து முறுக்கெடுங்கள். ஒரு வளையம் முறுக்கியிருந்தாலும் பிறகு இறுகாது. கம்பியின் ஒரு முனையைச் சக்கரத்தின் பின்னால் தரையோரமாகத் தள்ளி மறுபக்கம் எடுங்கள். இரு முனைகளையும் தூக்கி டயரின் மேல் பூட்டி, அந்த வளையத்தை முழுவதுமாக உள்பக்கம் தள்ளுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கம்பி டயரின் நடுவிலேயே சிக்கிக்கொண்டால் வெளிக்கொக்கி எட்டாது, உடனே சங்கிலி அளவு சின்னது என்று நினைத்துவிடுவார்கள். பிறகு வெளிக்கொக்கிகளை மாட்டி, இறுக்கும் சங்கிலியைப் பூட்டு வழியாக இழுத்து, தொங்கும் முனையை ரப்பர் கொக்கியில் கட்டுங்கள். ஐம்பது மீட்டர் போல ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். தொளதொளவென்று இருக்கும் சங்கிலிதான் சக்கரத்தை மூடியிருக்கும் காரின் வளைவைத் தட்டி உடைக்கிறது. ரப்பர் பூசிய கையுறை, தலைவிளக்கு, முட்டிக்கு ஒரு தடித்த விரிப்பு, ஒளி எதிரொளிக்கும் மேலங்கி இவை பையிலேயே இருக்கட்டும்.

சங்கிலியோடு மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆழ்ந்த பனியில் கார் கிளம்ப மறுத்தால், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் எஞ்சின் விசையை வெட்டுவதாக இருக்கலாம். அதை அணைத்துக் கிளம்பி, நகர்ந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். பனி முடிந்து தார் தெரிந்ததும் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள், சில கிலோமீட்டர் தார் ஓட்டமே வளையங்களைத் தேய்த்துவிடும். ஊர் திரும்பியதும் சாலை உப்பு போக வெந்நீரில் அலசி, நன்கு காயவைத்து, முறுக்கில்லாமல் மடித்து வையுங்கள்.

டயர் காற்றையும் குளிர்ந்த நிலையில், மேலே போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் பாருங்கள். 10 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் சுமார் 0.1 பார் இறங்கும். கிளம்பும் அன்று, பெட்டிகளெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, சங்கிலிப் பையை எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக வையுங்கள்.