பல் பிடுங்கிய பூனைக்கு உயரமான பீங்கான் கிண்ணம்: 14 நாள் பயன்படுத்திய பின்

ஒன்பது வயதான எங்கள் வெள்ளச்சிக்குக் கடைவாய்ப் பற்கள் ஏழு பிடுங்கப்பட்ட மறுநாள், அவள் தன் வழக்கமான எவர்சில்வர் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் நக்கிவிட்டு, தலையை உதறிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பசியில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். இரண்டாம் முறை அருகில் இருந்து கவனித்தபோதுதான், குழிவான கிண்ணத்துக்குள் முகத்தை நுழைக்கும்போதெல்லாம் வீங்கிய கன்னம் விளிம்பில் இடிப்பது தெரிந்தது. அன்றே இணையத்தில் பதிவு செய்து, மூன்றாம் நாள் கைக்கு வந்த கிண்ணத்தைப் பற்றியது இந்த மதிப்புரை.

விலை 749 ரூபாய். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமுள்ள மூங்கில் தாங்கியின் மேல் சற்றே முன்பக்கம் சாய்ந்தபடி இரண்டு பீங்கான் கிண்ணங்கள் அமர்ந்திருக்கின்றன. ஒன்று தீனிக்கு, மற்றொன்று தண்ணீருக்கு. மீசை முடிகள் உரசிப் பூனை சோர்ந்துவிடும் என்று விற்பவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் தையல் போட்ட ஈறில் எதுவும் படாமல் அவள் நக்கி உண்ண ஓர் இடம்.

தீனிக் கிண்ணம் அதைச் சரியாகச் செய்கிறது. அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால் கன்னம் எங்கும் இடிப்பதில்லை. கழுத்தை முழுவதும் குனிய வேண்டியதில்லை. சாய்வு இருப்பதால் கூழான தீனி தானாகவே முன்விளிம்புக்கு வந்து சேர்கிறது. சமதட்டில் வைத்தபோது அவள் அதை மூலைக்கு மூலை துரத்திக்கொண்டிருந்தாள். மருத்துவர் சொல்லியிருந்தபடி ‘ராயல் கேனின் ரெகவரி’ என்ற, உடல் தேறிவரும் பூனைகளுக்கான ஈரத்தீனி டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, வெந்நீர் விட்டுக் கஞ்சிப் பதத்துக்குக் கரைத்து, பூனையின் உடல் சூடான 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தோம். சூடு ஏறினால் மணம் எழும்பும். வாய் வலிக்கிற பூனையை உண்ண அழைப்பது அந்த மணம்தான். பீங்கான் கிண்ணத்தை முன்கூட்டியே வெந்நீரில் முக்கித் துடைத்து வைத்தால் தீனி சட்டென்று ஆறிப்போவதில்லை. எவர்சில்வரில் இந்த வசதி இல்லை. நாளுக்கு ஐந்தாறு வேளை, வேளைக்குக் கொஞ்சம் என்று வைத்ததில், நான்காம் நாளிலிருந்து கிண்ணம் காலியாகத் தொடங்கியது.

தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பூனை நாயைப் போல நாக்கால் தண்ணீரை அள்ளுவதில்லை. நாக்கின் நுனியால் நீர்ப்பரப்பை மெல்லத் தொட்டு, மேலெழும் நீர்த்தாரையை வாயை மூடிக் கவ்விக்கொள்கிறது. அதற்கு நாக்கு நுனிக்கு எளிதாக எட்டும்படி நீர் நிற்க வேண்டும். சாய்ந்த கிண்ணத்திலோ நீர் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. நிறைத்தால் வழிகிறது, குறைத்தால் எட்டவில்லை. வெள்ளச்சி இரண்டு நாள் தாடையை நனைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் அகலமான மண்தட்டு ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, தீனியிலிருந்து தள்ளி, சன்னலோரம் வைத்தோம், குடித்தாள். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் தேவை என்றாலும், ஈரத்தீனியில் முக்கால் பங்குக்கு மேல் நீரே என்பதால் அதில் பெரும்பகுதி தீனிக் கிண்ணத்தின் வழியாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தீனியைக் கரைக்க வெந்நீருக்குப் பதில் கோழி வேகவைத்த நீரும் விடலாம். ஆனால் அதில் உப்பும், பூனைக்கு நஞ்சான வெங்காயமும் பூண்டும் இருக்கக் கூடாது.

இன்னொரு குறை எறும்பு. சென்னை வெயிலில் ஈரத்தீனி அரை மணி நேரம் கிடந்தாலே மூங்கில் கால்களின் வழியே வரிசை ஏறிவிடுகிறது. பாட்டி காலத்து முறைப்படி தாங்கியை ஓர் அகலத் தாம்பாளத்தில் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் கட்டினோம். எறும்பு நின்றது, மூங்கில் ஊறிக் கறுக்கத் தொடங்கியது. உலோகக் காலோ ரப்பர் காலோ இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

எந்தக் கிண்ணமும் வலிமருந்தின் வேலையைச் செய்யாது என்பதையும் வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். முழுதாக ஒரு நாள் பூனை எதையும் தொடவில்லை என்றால், குறிப்பாகப் பருமனான பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரை அழைத்துவிடுவதே சரி. நம் வீட்டுப் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

14 நாளில் ஈறு ஆறி, தையல் தானே கரைந்துவிட்டது. வெள்ளச்சி இப்போதும் அதே கிண்ணத்தில்தான் உண்கிறாள். இதே நிறுவனம் ஒற்றைக் கிண்ணத்தை 449 ரூபாய்க்கு விற்கிறது. வாங்குவதானால் அதை வாங்குங்கள். எங்கள் இரட்டையில் மற்றது இப்போது சமையலறையில் கல்லுப்புக் கிண்ணமாக இருக்கிறது.