2 லட்சம் தாண்டிய ஆல்டோவும் குப்பைக்குப் போன ஒரு வால்வும்

தாராபுரத்து மச்சான் போன வாரம் போன் செய்தான். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆல்டோ ஒன்று விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டான். நேரம் பார்த்துக் கேட்டான் பாருங்கள். அன்றைக்குத்தான் என் ஆல்டோ, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிச் செய்த வேலை முடிந்து வீடு வந்திருந்தது. பில் 18,500 ரூபாய்.

என்னுடையது 2009 எல்எக்ஸ்ஐ, புதிதாக எடுத்தது. ஓடியது 2,11,000. மஞ்சள் வியாபாரத்துக்காக கோபியிலிருந்து சாம்ராஜ்நகருக்கு மாதம் நான்கைந்து முறை திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்குகிற வண்டி. 27 கொண்டை ஊசி வளைவு. முன்னால் கரும்பு லாரி போனால் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். அந்த 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் இத்தனை வருடமும் முனகிக்கொண்டே ஏறியது, ஒருநாளும் நின்றதில்லை. கிளட்ச் இரண்டு முறை மாற்றினேன், லட்சத்தை ஒட்டி டைமிங் பெல்ட். சஸ்பென்ஷன் புஷ் எத்தனை முறை என்று கணக்கில்லை, அதை நம் ரோட்டிடம்தான் கேட்க வேண்டும். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க 5,000 கட்டணமும் பசுமை வரியும் கட்டியபோதுகூட யோசிக்கவில்லை.

சரி, கோபம் எதன்மேல் என்றால் ஒரு வால்வின்மேல். தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ரேடியேட்டர் ஹோஸ் மாற்றக் கொடுத்தபோது மெக்கானிக் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்ணா? வண்டி கூலா ஓடட்டும்” என்றார். கூலண்ட் இருந்த இடத்தில் போர் தண்ணீரை ஊற்றினார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கும் சேர்த்துத்தான் 18,500.

அந்த வால்வுக்குள் மெழுகு இருக்கும். இன்ஜின் தண்ணீர் 80 டிகிரி தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும். அப்புறம் மெழுகு உருகி விரிந்து வழிவிடும். இன்ஜின் சீக்கிரம் பதமான சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்பதற்கான ஏற்பாடு அது. வெயில் ஊர், குளிர் ஊர் என்ற பேச்சே இதில் இல்லை. வால்வு இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சென்சார் ‘இன்ஜின் இன்னும் சூடாகவில்லை’ என்று சொல்லும், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15க்கு இறங்கியது. இரண்டு வருடம் பெட்ரோல் பங்க்கைத் திட்டினேன். சூட்டு முள் பாதிகூட ஏறாததைப் பார்த்துப் பெருமைவேறு.

தண்ணீர் செய்த வேலை இன்னும் மோசம். போர் தண்ணீர் காயும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுமே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் கட்டி அடைத்திருக்கிறது. கூலண்ட் என்றால் பனி உறையாமல் இருக்க என்று நினைக்கிறோம். நமக்கு அதில் தேவைப்படுவது துருவும் பொருக்கும் பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் இருபதாவது வளைவுக்கு மேலே முள் கிடுகிடுவென்று சிவப்புக்குப் போய்விட்டது. ஒன்பது மணிக்கு மேல் அந்தக் காட்டு வழியில் வண்டி விடமாட்டார்கள், சிறுத்தை நடமாடுகிற இடம், இறங்கி நிற்கவும் பயம். ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். வியர்வையில் குளித்தபடி மேலே டீக்கடை வரை கொண்டுபோய்விட்டேன். மறுநாள் ஆயில் ஸ்டிக்கை உருவினால் பால் கலந்த டீ நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது; ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அலுமினிய ஹெட் கோணியிருந்ததால் லேத் பட்டறையில் அதைச் சமப்படுத்தும் ஃபேஸிங், புது ரேடியேட்டர், கூடவே அந்த வால்வு. பில்லில் வால்வின் விலை ஐநூறைத் தொடவில்லை.

ஆனால் ஹெட்டைக் கழற்றியபோது இந்த முறை வேலை பார்த்தவர் சிலிண்டரைக் காட்டினார். கம்பெனியில் சிலிண்டர் சுவரில் போட்ட குறுக்குக் கோடுகள் தேய்ந்து போகாமல் இரண்டு லட்சத்துக்குப் பிறகும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஐந்து வருடக் கொடுமைக்குப் பிறகும். எனக்குப் பேச்சே வரவில்லை.

இதையெல்லாம் மச்சானிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார், பச்சையோ நீலமோ நிறம் இல்லாமல் வெறும் தண்ணீரோ துரு நிறமோ இருந்தால் திரும்பி வந்துவிடு என்றேன். கடைசியில், “நல்ல வண்டி, ஆனா நீ வாங்காதே. யார் யார் கைபட்டதோ” என்றேன்.

“அப்போ உன்னுதையே குடுத்துரு” என்றான்.

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.