ஃப்ரீரேடியஸ் அக்கவுண்டிங்: டைம்அவுட், ரீட்ரை அளவுகள் நீண்டகாலப் பயன்பாட்டில்

பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் பிராட்பேண்ட்) இணைப்புகளின் தொடக்கம், முடிவு, பயன்பாட்டைப் பதிவுசெய்ய, அதாவது அக்கவுண்டிங்குக்கு, ஃப்ரீரேடியஸ் 3 என்ற ரேடியஸ் சர்வர், அதன் பின்னால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். இந்த அமைப்பை வருடக்கணக்கில் ஓட்டினால் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) தொல்லை பெரும்பாலும் நெட்வொர்க்கில் இல்லை, டேட்டாபேஸில்தான் என்பது புரிந்துவிடும். 1813 போர்ட்டுக்கு வரும் பதிவைச் சேமித்த பிறகுதான் சர்வர் பதில் அனுப்ப வேண்டும் என்கிறது 2000இல் வந்த ஆர்எஃப்சி 2866 என்ற இணைய நெறிமுறை ஆவணம். பேக்கப் ஓடும் நேரத்தில் ஒரு இன்சர்ட்டுக்கு 2 நொடி ஆனால், நாஸும் (வாடிக்கையாளர்கள் வந்து இணையும், பதிவுகளை அனுப்பும் கருவி) அந்த 2 நொடி காத்திருந்தே ஆக வேண்டும்.

நாஸில் டைம்அவுட்டை 1 நொடியாகக் குறைப்பது பெரிய தவறு. ஒரே பாக்கெட் அப்படியே திரும்பி வந்தால் சர்வர் அடையாளம் கண்டு தள்ளிவிடும். ஆனால் எத்தனை நொடியாக அனுப்ப முயல்கிறது என்று சொல்லும் அக்கவுண்ட் டிலே டைம் மதிப்பை நாஸ் கூட்டி அனுப்பினால் பாக்கெட்டின் எண்ணான ஐடென்டிஃபையரும் மாறியாக வேண்டும். சர்வருக்கு அது புதுப் பாக்கெட். ஏற்கெனவே திணறும் டேட்டாபேஸுக்கு இன்னொரு வேலை சேர்கிறது. பதிவுகள் சேரும் ராட்அக்ட் டேபிளில், செஷனின் அடையாளமான அக்ட்யூனிக்ஐடி யூனிக் கீயாக (ஒரே மதிப்பு இருமுறை வர விடாத கீ) இருந்தால்தான் இரட்டைப் பதிவு விழாது. அந்தக் கீயை யாராவது எடுத்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

மறுபக்கம், சிஸ்கோ கருவிகளின் ஐஓஎஸ் மென்பொருளில் இயல்பாக இருப்பது 5 நொடி டைம்அவுட், 3 ரீட்ரை (மறுமுயற்சி). முதல் முறையையும் சேர்த்து 4 x 5 = 20 நொடி கழித்துத்தான் அடுத்த சர்வருக்குப் போகும். ஐடென்டிஃபையர் 8 பிட், ஒரு சோர்ஸ் போர்ட்டுக்கு 256 பாக்கெட்டுதான் காத்திருக்க முடியும். சர்வர் பேசாமல் கிடந்தால் 256 / 20, நொடிக்கு 12 பதிவுக்குச் சற்று மேலே போனாலே வரிசை அடைத்துக்கொள்ளும். ஒரு ஏரியாவில் கரண்ட் போய் வந்தால் இதைவிடப் பல மடங்கு ஸ்டார்ட், ஸ்டாப் பதிவுகள் ஒரே நேரத்தில் கொட்டும். இரண்டாவது சர்வர் இருந்தால் டெட்டைமை (பதில் தராத சர்வரை ஒதுக்கிவைக்கும் நேரம்) 5 நிமிடமாவது வையுங்கள். இயல்பு மதிப்பான 0 உதவாது. இரண்டு சர்வரும் ஒரே டேட்டாபேஸில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஒன்றிலும் ஸ்டாப் மற்றதிலும் கிடக்கும்.

நாஸ் அனுமதித்தால் ஆர்எஃப்சி 5080 சொல்லும் ரீட்ரை முறை நல்லது: 2 நொடியில் தொடங்கி ஏறத்தாழ இரட்டிப்பாகும் இடைவெளி, உச்சம் 16 நொடி, மொத்தம் 30 நொடி, கூடவே ஒவ்வொரு இடைவெளியிலும் சிறு தற்செயல் வித்தியாசம்.

உண்மையான நிம்மதி தருவது பஃபர்டு எஸ்கியூஎல். முன்னால் இருக்கும் சர்வரில் டீடெய்ல் ஃபைலுக்கு (டிஸ்க்கில் உள்ள பதிவு ஃபைல்) மட்டும் எழுதி உடனே பதில் அனுப்புங்கள். தனி விர்ச்சுவல் சர்வர் அதைப் படித்து டேட்டாபேஸில் போடட்டும். அதன் பிறகு 5 நொடி, 3 ரீட்ரை தாராளம். அந்தப் படிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லோட் ஃபேக்டரை 10 என்றே விட்டுவிட்டால் நெரிசலுக்குப் பிறகு பாக்கி மெதுவாகத்தான் தீரும். டேட்டாபேஸ் தாங்கும்வரை உயர்த்தலாம். இன்டரிம் (இணைப்பு ஓடும்போதே நாஸ் இடையிடையே அனுப்பும் பதிவு) இடைவெளியை 600 நொடிக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்: 3000 இணைப்புக்கு அது நொடிக்கு 5 பாக்கெட், 60 என்று வைத்தால் 50.

இதில் ஒரு விலை உண்டு. டேட்டாபேஸுக்குப் போகக் காத்திருக்கும் டீடெய்ல்.வொர்க் ஃபைல் தேங்கினால் ராட்அக்ட் பின்தங்கும். அதை நம்பும் சைமல்டேனியஸ் யூஸ் சோதனை (ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்று பார்ப்பது), லைன் கட்டாகி உடனே திரும்பி வரும் வாடிக்கையாளரை ஏற்கெனவே உள்ளே இருப்பதாக நினைத்து மறுத்துவிடும். அந்த ஃபைலின் வயதுக்கும் டிஸ்க் இடத்துக்கும் அலாரம் வைத்த பிறகே இந்த முறைக்கு மாறுங்கள்.