ஆப்பில் ஆள் பிடித்து மண்கரையைப் பழுதுபார்க்க நினைப்பவர்களுக்கு

2,40,000 ரூபாய். பணம் போச்சு, கரையும் போகப் பார்த்தது. கோபத்தில்தான் எழுதுகிறேன். ஐப்பசி மழை இன்னும் விடவில்லை, அதற்குள் வேறு யாரும் அந்த ஆளிடம் மாட்டிவிடக் கூடாது. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வீட்டு வேலை, தோட்ட வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் போன் ஆப்புகளில் ஒன்று. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா பக்கம் எங்கள் தோப்பில் ஒரு சின்ன அணை இருக்கிறது. ஓடைக்குக் குறுக்கே என் மாமனார் போட்ட மண்கரை. 12 அடி உயரம், ஒரு மடைக்குழாய், ஓரத்தில் நிரம்பின தண்ணீர் வழிந்து போகக் கல்கட்டிய கலுங்கு, அவ்வளவுதான். பாசனம் ஒன்றும் கிடையாது. பொங்கலுக்கும் படைப்புக்கும் ஊருக்கு வருகிற பிள்ளைகள் குளிப்பார்கள், பெடல் போட் ஓட்டுவார்கள். ஆனால் கரைக்குக் கீழே நாலு வீடு இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற பாதையும் அதுதான்.

இந்த வருஷம் கோடையிலேயே மடைக்குழாய் வெளியே வருகிற இடத்தில் ஈரம் காயவில்லை, கோரை முளைத்திருந்தது. அதனால்தான் ஆப்பில் தேடினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், 'சரிபார்க்கப்பட்டவர்' என்று முத்திரை.

வந்தவர் எப்படி நம்ப வைத்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கரை முனையில் கருப்பர் கல் நட்டிருக்கிறோம். அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறினார். ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் கயிறாகத் திரித்தார், அது முறிந்தது. "களி பத்தலை ஆச்சி, அதான் கசியுது. கசியிற இடத்தைத் தோண்டி, களிமண்ணை அரை அடி அரை அடியாப் போட்டு, தண்ணி தெளிச்சு ரோலர் ஓட்டி ஏத்துவோம். குழாயைச் சுத்தி மணல், ஜல்லியில வடிகட்டி வைப்போம். பயப்படாதீங்க, உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார். சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எது சரியான வேலை என்று நன்றாகத் தெரிந்த ஆள், தெரிந்தே செய்யாமல் போனார். என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

முன்பணம் 1,60,000, ஆப் வழியாகவே கட்டினேன். வேலை நடந்தபோது மாமாவைச் சென்னையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கரைமேல் ரோலர் ஓடுகிற படம் அனுப்பினார், மீதி 80,000 போனது. அந்தப் படத்தில் வரிசையாகப் பனைமரம் நிற்கிறது. எங்கள் கரையில் ஒரு பனைகூடக் கிடையாது.

ரோலர் வரவே இல்லை. டிப்பரில் கிராவல் கொண்டுவந்து, புல்லைக்கூடச் செதுக்காமல் மேலே கொட்டி, ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கசிந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். கசிகிற நீருக்கு வழி விட்டு, மண்ணை மட்டும் மணலாலும் ஜல்லியாலும் பிடித்து நிறுத்த வேண்டும். வாயை அடைத்தால் நீர் கரைக்குள் அழுத்தம் கூடி வேறு வழி தேடும். இதெல்லாம் போதாதென்று கலுங்கை ஹாலோ பிளாக் வைத்து ஒன்றரை அடி உயர்த்தி, மீன் போகாமல் வலையும் கட்டிவிட்டார்கள். "போட் ஓட்டத் தண்ணி கூட நிக்குமே ஆச்சி" என்று அதற்கும் ஒரு விளக்கம்.

முதல் பெருமழையிலேயே வலையில் சருகும் சீமைக்கருவைக் குச்சியும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் ஓடிவந்து, "ஆச்சி, கரைக்கு வெளியே கலங்கலா வருது" என்றார். தெளிந்த கசிவைக் கண்காணித்துக்கொண்டு இருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கீழே இருந்த நாலு வீட்டுக்காரர்களையும் ராவோடு ராவாக மேட்டுக்கு அனுப்பினோம். வலையை அறுத்து, பிளாக்கைக் கடப்பாரையால் பெயர்த்து, கலங்கல் வந்த வாயில் மணலும் அதன்மேல் ஜல்லியும் கொட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

என் அண்ணன் மகன் சிவில் படித்தவன். கரையைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது. 1889 மே 31 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் ஊரை அடித்துப்போன சவுத் ஃபோர்க் அணையும் பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த மண் அணைதானாம். மீன் தப்பாமல் இருக்கக் கலுங்கில் கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள், அது குப்பையில் அடைத்துக்கொண்டது. கரை உச்சியையும் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் இருந்த வடிகுழாய்களை முன்பே யாரோ எடுத்துவிட்டார்கள், திரும்ப வைக்கவில்லை. 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். நம் நாட்டில் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில வகைகளுக்கும்தான். எங்களுடையது போன்றவற்றைப் பார்க்க அந்தச் சட்டப்படி எந்த அதிகாரியும் வரமாட்டார்.

ஆப்காரர்களின் பதிலைக் கேளுங்கள். முதலில் ஒரு ரோபோ, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது. பிறகு ஒரு பெண் பேசி, "நாங்க இணைச்சு மட்டும்தான் விடுறோம் மேடம்" என்றார். அப்புறம் வேலை முடிந்ததற்கு நான் 'சம்மதம்' கொடுத்துவிட்டதாகச் சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். அந்த ஆளோ, "மழை ஜாஸ்தி ஆச்சி, கடவுள் செயல்" என்றார், அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. 2,40,000 ரூபாயை வாங்கிக்கொண்டு நாலு குடும்பத்தைச் சாகக் கொடுக்கப் பார்த்துவிட்டு, கடவுள்மேல் பழி!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பம்புசெட்காரர் வந்து நிற்கிறார், அதனால் சுருக்கமாக. மண் போடுகிற அன்று உங்கள் ஆள் ஒருவர் கரையில் நிற்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கலுங்கை யார் சொன்னாலும் உயர்த்தாதீர்கள், வலை கட்டாதீர்கள். கரையில் மரம் வளர விடாதீர்கள், எலி வளை, கரையான் புற்று இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். தண்ணீரை இறக்கும்போது ஒரேயடியாக இறைக்காதீர்கள், உள்பக்கச் சரிவு ஈரத்தோடு சரிந்து விழும். ஆப்பில் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதியிலேயே இருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. நான் மனு எழுதக் கொடுத்துவிட்டேன்.