பாலச்சந்தர் வழியா, கிரேஸி மோகன் வழியா?

நாடகம் எழுதுகிறவருக்குச் சினிமா வாய்ப்பு வந்தால் மேடையை விடுவதா, வைத்துக்கொள்வதா?

நுழைவு: பாலச்சந்தர் ஏஜீஸ் ஆபீஸில் (அரசுக் கணக்கு அலுவலகம்) வேலை பார்த்தபடியே நாடகம் போட்டார். 1964-ல் 'தெய்வத்தாய்' வசனம், அதே ஆண்டில் அவருடைய 'சர்வர் சுந்தரம்' படமானது. மோகன் பொறியாளர், அவருடைய நாடகம் 1983-ல் 'பொய்க்கால் குதிரை' ஆனது. இயக்கியவர் அதே பாலச்சந்தர்!

எழுத்தின் மீது பிடி: இங்கேதான் பெரிய வித்தியாசம். பாலச்சந்தர் 1965-ல் 'நீர்க்குமிழி' மூலம் தானே இயக்குநரானார். அப்புறம் 'எதிர்நீச்சல்' வந்தது. ஒரே வீடு, பல குடித்தனங்கள், மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கிடக்கும் மாது என்ற இளைஞன். மேடைக்கென்றே அளந்து செய்த இடம், திரையிலும் அப்படியே நின்றது. மோகன் வசனத்தோடு நின்றார். அந்த வசனத்தின் பலத்துக்கு, 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் சாம்பாரில் மீன் விழும் காட்சி ஒன்றே போதும்.

மேடை: பாலச்சந்தருக்குச் சினிமாவே முழுநேரமானது. மோகன் கடைசிவரை நாடகம் போட்டார்.

காட்சியாக யோசிப்பவர், முழுப் பொறுப்பையும் சுமக்கத் தயாரானவர் என்றால் பாலச்சந்தர் வழி. அரங்கின் சிரிப்பை நேரில் கேட்டால்தான் பேனா ஓடும் என்றால், சரி, மோகன் வழிதான். எனக்கு மனசுக்கு நெருக்கமானதும் அதுதான்.