நரம்பு மருத்துவரிடம் போன கால்

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மயிலாடுதுறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பாவின் வலது காலில் கட்டுப் போட்டிருப்பதை அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார். கட்டுக்குள் சுண்டுவிரல் கறுத்துப்போயிருப்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிரவு அவர் கட்டிலில் படுத்து, வலது காலை மட்டும் கீழே தொங்கவிட்டுத் தூங்குவதைப் பார்த்தேன். காலை மேலே வைத்தால் எரிகிறது, தொங்கவிட்டால் கொஞ்சம் தணிகிறது என்றார்.

நான் மருத்துவர் இல்லை. லெஸ்டரில் குடும்ப மருத்துவர் ஒருவரின் நிலையத்தில் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குச் சில விதிகள் மனப்பாடம். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புதிதாகப் புண் வந்தால், ஒரு வேலை நாளுக்குள் அவரைப் பாதச் சிகிச்சைக் குழுவிடம் அனுப்பிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தக் குழுவில் சர்க்கரை மருத்துவரோடு, இரத்தக் குழாய்களைப் பார்க்கும் இரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரின் துணையும் இருக்கும். அப்பாவின் புண்ணுக்கு அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டேன். சென்ற ஆண்டு கோடையிலேயே, கடைத்தெருவுக்கு நடக்கும்போது பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தேநீர்க் கடையில் இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், பிறகு அதே தொலைவு நடந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று இருந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் நரம்பு இழுக்கிறது என்றார்கள். சித்தப்பா தமக்குத் தெரிந்த நரம்பு மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் நரம்புக்குரிய மாத்திரையும் சத்து ஊசியும் எழுதிக் கொடுத்தார். தம்மிடம் சொல்லப்பட்டது நரம்புக் கோளாறு என்பதால் அவர் அதையே பார்த்தார் என்று நினைக்கிறேன். கார்த்திகையில் புதுச் செருப்பு கடித்தது. உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்றினார்கள். கடைசியில் விரலை எடுக்க வேண்டும், பரவினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித் தேதியும் குறித்துவிட்டார்கள். காலுக்கு இரத்தம் போகிறதா என்று இத்தனை பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

இதில் நம் பேச்சுத் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. உணர்வு கடத்தும் நரம்பும் நரம்பு, இரத்தம் ஓடும் குழாயும் நரம்பு என்றே நம் வீடுகளில் புழங்குகிறது. ஊசி போடும் செவிலியர் நரம்பு கிடைக்கவில்லை என்கிறார்; காலில் புடைத்துச் சுருண்ட சிரை நரம்புச் சுருட்டல் ஆகிவிடுகிறது. ஆகவே கால் வலிக்காரர் நேராக நரம்பு மருத்துவரின் வாசலில் போய் நிற்கிறார். இரத்தக் குழாய் என்று யாராவது திருத்திச் சொன்னால் இதய மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். கைகால், கழுத்து, வயிறு ஆகியவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளையும் அதைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளையும் பார்ப்பதற்கென்றே தனிப் படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தைப் பெருமையாகச் சொல்லவும் வழியில்லை. அங்கேயே இரத்தநாள அறுவை சிகிச்சை பொது அறுவை சிகிச்சையிலிருந்து பிரிந்து தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது 2012இல்தான்.

தொலைபேசியில் விசாரித்துத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்படியொருவர் இருப்பதை அறிந்தேன். மறுநாள் காலைக்கே நேரம் கிடைத்தது. லெஸ்டரில் அவசரமில்லாத ஒரு நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்போரை நாள்தோறும் சமாதானப்படுத்துபவள் என்பதால் இதை வியப்போடு குறித்துக்கொள்கிறேன். வாடகைக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மருத்துவமனை வாசலில் காவலாளி எங்களை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார். ஏறிப் போனால் அது நரம்பியல் பிரிவு.

சரியான அறையைக் கண்டுபிடித்த பிறகு வேலை விரைவாக நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறையைப் பயின்ற அந்த மருத்துவர், முதலில் அப்பாவின் இரண்டு பாதங்களையும் தொட்டு நாடி பார்த்தார். பிறகு கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, பேனா அளவிலான டாப்ளர் கருவியால் இரத்த ஓட்டத்தின் ஓசை கேட்டு அழுத்தத்தை அளந்தார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9க்குக் கீழே இருந்தால் காலில் அடைப்பு என்று பொருள். அப்பாவுக்கு அது 1.4ஐத் தாண்டியது. நான் நிம்மதி அடைந்தேன், மருத்துவர் இல்லை என்று தலையசைத்தார். நெடுநாள் சர்க்கரையால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் இறுகிவிட்டால் பட்டையால் அதை அழுத்த முடியாது, எண் பொய்யாக ஏறிக் காட்டும் என்றும், விரலில் அப்படி இறுகுவது குறைவு என்பதால் கால் விரலில்தான் அளக்க வேண்டும் என்றும் விளக்கினார். கட்டை விரலில் அளந்தபோது அழுத்தம் 26 மி.மீ. வந்தது. முப்பதுக்குக் கீழே போனால் புண் தானாக ஆறுவது அரிது. இரத்தம் வராத இடத்தில் விரலை வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது, பிறகு அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று வெட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலுக்கு ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்றதும் அப்பா, தமக்கு நெஞ்சு வலியே கிடையாதே என்றார். மருத்துவர் சிரிக்காமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அடைபட்ட தமனியைத் தோல் வழியாகக் குழாய் செலுத்தி விரிக்கும் முறையே காலில்தான் தொடங்கியது. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவருக்கு அதைச் செய்தார். அந்த மூதாட்டி இறக்கும்வரை தம் கால்களிலேயே நடந்தார். இதயத்துக்குப் பலூன் வந்தது 1977இல்தான் என்றார். மூத்த கால் கேட்பாரற்றுக் கிடக்க, இளைய இதயம் பேரெடுத்துக்கொண்டது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்றுக் கூடி 1.6 இருந்ததால், ஆஞ்சியோவுக்கு ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்காதபடி முதல்நாள் இரவே சலைன் ஏற்றினார்கள். மறுநாள் தொடை இடுக்கை மட்டும் மரத்துப்போகச் செய்து குழாயைச் செலுத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே போகும் மூன்று தமனிகளில் இரண்டு முழுவதுமாக அடைத்திருந்தன. அவற்றில் ஒன்றைப் பலூனால் பாதம்வரை திறக்க முடிந்தது. பலூனால் முடியாதிருந்தால் தொடையிலிருந்தே சிரையை எடுத்து மாற்றுப் பாதை போட்டிருப்பார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அப்பா விழித்துக்கொண்டே படுத்திருந்தார். வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கால் சுடுதும்மா". இரத்தம் போய்ச் சேர்ந்த சூடு அது. மூன்றாம் நாள் கறுத்த சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு லட்சம் முன்பணம் கட்டிய பிறகே படுக்கை ஒதுக்கினார்கள். என் இங்கிலாந்து அட்டையை இயந்திரம் இரண்டு முறை மறுத்ததால் மாமா ஜிபே வழியாகக் கட்டினார். இறுதிக் கணக்கு ரூ. 2,35,000. அதில் இரண்டு பலூன்களுக்கு விலை போட்டிருந்தார்கள். ஒன்றுதானே பயன்பட்டது என்று அறுவை அரங்கின் குறிப்பைக் காட்டி மூன்று முறை கேட்டபின் திருத்திக் கொடுத்தார்கள். கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த படுக்கையில் அரியலூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், நாற்பது வயதுகூட இருக்காது. சர்க்கரை கிடையாது, பதினைந்து வயதிலிருந்து பீடி. புகைப்பவர்களின் சிறு தமனிகள் அழன்று அடைபடும் அந்த நோய்க்கு, அதை 1908இல் விவரித்த லியோ பர்கரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் சிகிச்சைச் செலவு அதில் போயிற்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை அதில் உண்டு. பீடியை விட்டால் கால் நிற்கும், விடாவிட்டால் நான் எத்தனை முறை திறந்தாலும் நிற்காது என்று மருத்துவர் அவரிடம் தினமும் காலையில் சொல்லிவிட்டுப் போவார்.

திரும்பும் வழியில் புறவழிச்சாலை நெடுக லேசர் முறையில் நரம்புச் சுருட்டலுக்குச் சிகிச்சை என்ற விளம்பரப் பலகைகளைப் பார்த்தேன். சிரைச் சுருட்டல் உயிர்போகும் நோய் இல்லை. பலருக்கு அழுத்தக் காலுறையே போதும். எனக்கும் அது உண்டு. அப்பாவைப் பார்த்த அதே மருத்துவர் என் காலையும் டாப்ளர் எடுத்துவிட்டு, கெண்டைக்காலை அளந்து காலுறை எழுதித் தந்து அனுப்பிவிட்டார். காலை இழக்க வைக்கும் தமனி அடைப்பைப் பற்றி அந்தச் சாலையில் ஒரு பலகைகூட இல்லை.

விமானம் ஏறுமுன் தஞ்சாவூரில் அப்பாவுக்கு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அளவெடுத்து வாங்கினேன். இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும், கொழுப்பு மாத்திரையும் எந்த வேளைக்கு எது என்று அம்மா நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதி மாட்டியிருக்கிறார். சித்தப்பா தமக்குத் தெரிந்த கால் வலிக்காரர் இருவருக்குத் திருச்சி மருத்துவரின் எண்ணைக் கொடுத்திருக்கிறாராம். இரத்தக் குழாய் டாக்டர் என்று அழுத்திச் சொல்லித்தான் கொடுத்தாராம். அம்மா ஞாயிறுதோறும் வாட்ஸப்பில் புண்ணின் படம் அனுப்புகிறார். சென்ற வாரம் அது ஒரு மிளகளவு இருந்தது.