ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: மூன்று ஸ்குரூவுக்குப் போன 7,800 ரூபாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே பார்ப்பதாக ரீல்ஸ் போட்டுக் கூட்டம் சேர்க்கும் ஒரு சென்னை ஒர்க்‌ஷாப்பில் 7,800 ரூபாய் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. எந்த மாதிரிக் கடை என்று பழைய வண்டிக்காரர்களுக்குப் புரியும்.

வண்டி அப்பாவுடைய 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். பல வருடம் மழையில் நின்றது. கிளட்ச் கவரைக் கழற்ற வேண்டும், ஆனால் சுற்றியுள்ள ஸ்டார் ஸ்குரூக்களில் மூன்று அசையவே இல்லை. அலுமினியம் கேஸில் இரும்பு ஸ்குரூ, இடையில் ஈரம் வேறு. அரித்து ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை மழுங்கும், அல்லது உள்ளேயே ஒடியும். இது தெரிந்துதான் தெருமுனை மெக்கானிக்கிடம் விடாமல் அவ்வளவு தூரம் கொண்டு போனேன்.

ஓனர் பேசியதைக் கேட்டால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். "சாதாரண ஸ்டார் பிட் போட்டா வழுக்கிடும் சார், ஜப்பான் ஸ்டாண்டர்ட் பிட் போட்டு இம்பாக்ட் டிரைவர்ல தட்டித்தான் எடுக்கணும். நைட் முழுக்க ஆயில்ல ஊறட்டும். காலையில லேசா சூடு காட்டி, முதல்ல துளி டைட் பண்ணிட்டுத்தான் லூஸ் பண்ணுவேன். ஒடிஞ்சா என் பொறுப்பு." ஒரு வார்த்தை தப்பில்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தார். கிளட்ச் பிளேட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 7,800. அங்கேயே நின்று முழுப் பணத்தையும் ஜிபே செய்தேன்.

அன்று சாயங்காலமே போன்: "வண்டி ரெடி சார்." இரவு முழுக்க ஊற வேண்டிய ஸ்குரூ எப்போது ஊறியது?

வீட்டில் நிறுத்திய இடத்தில் கியர் ஆயில் குளம். கவரைத் துடைத்துப் பார்த்தால் ஒரு ஸ்குரூ விரலாலேயே சுற்றுகிறது. கையோடு வந்தது வெறும் தலை! கேஸ்கெட் பேஸ்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஸ்குரூவை ஒடித்து, மையம் தப்பி டிரில் போட்டு, ஒடிந்த தண்டைத் துளைக்குள் கவ்வித் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை விட்டு, அதையும் உள்ளேயே ஒடித்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ட்ராக்டர் கடினமாக்கிய எஃகு. வளையாது, பட்டென்று ஒடியும். ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது.

போன் செய்தேன். "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும் சார்." போட்டோ அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. நேரில் போனால் ஓனர் ஊரில் இல்லையாம். அவருடைய புல்லட் வாசலிலேயே நிற்கிறது! கடைசியில் ஒரு பையன் வந்து "பில் இருக்கா?" என்கிறான். 7,800 ரூபாய்க்கு இவர்கள் பில் கொடுத்தால்தானே இருக்கும்?

லேத் பட்டறையில் காட்டினேன். ஸ்பார்க் எரோஷனில், அதாவது மின்பொறியால் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். கவர் உடைந்திருந்தால் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிப் பிடித்திருக்கலாம். ஒடிந்தது மாட்டிக்கொண்டிருப்பது கிராங்க் கேஸில், அதாவது இன்ஜினின் உடம்பிலேயே. இன்ஜின் நம்பர் குத்தியிருப்பதே அதில்தான். மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைய வேண்டும்.

துருப்பிடித்த ஸ்குரூவை எடுக்கும் வழிகளை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ஸ்குரூ எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், விடமாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். தலை போனாலும் எக்ஸ்ட்ராக்டரைத் தொட விடாதீர்கள்: தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டால் கவர் வந்துவிடும், மிச்சம் நிற்கும் தண்டை ஆயில் விட்டு, சூடு காட்டி, வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்துத் திருப்பலாம். கழற்றிய பழைய ஸ்குரூக்கள் அத்தனையையும் கேட்டு வாங்கி, முழு நீளத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.